கிடங்கில் நிற்கும் பழைய காரை என்ன செய்யலாம்?

விலைவாசி, வரி, எடை அளவுச் சட்டம் என்று எழுதி வரும் இந்தப் பக்கங்களில் பழைய காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில் அப்பா காலத்து அம்பாசிடரோ ஃபியட்டோ கிடங்கின் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது. விற்க மனமில்லை, ஓட்டவும் வழியில்லை. மூட்டை அடுக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படி ஒரு காரைக் கேத்தியில் நாங்கள் வீட்டிலேயே பிரித்துச் சீர் செய்தோம். எதைச் செய்தோம் என்பதோடு, எதைத் தவறாகச் செய்தோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று சங்க நண்பர்கள் வற்புறுத்தியதால் இதை எழுதுகிறோம்.

எங்கள் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ல் எங்கள் தந்தையார் வாங்கியது. இரண்டு கதவு மாடல். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்தான். அம்பாசிடர் வங்காளத்தில் உத்தர்பாராவிலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்தன. ஸ்டாண்டர்டு மட்டும் நமது மாநிலத்து வண்டி. சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை ஹெரால்டு தயாரானது. இன்றைய இளைஞர்கள் இதை வெளிநாட்டு வண்டி என்று நினைக்கிறார்கள். மூலம் இங்கிலாந்துதான். வடிவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். ஆனால் இங்கே தொழிலாளர்கள் கைபட்டு வந்த வண்டி.

அப்பா இந்தக் காரில்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். திரும்பி வரும்போது பின் சீட்டில் பருப்பு மூட்டை இருக்கும். அதன்மேல் நாங்கள் உட்கார்ந்திருப்போம். 1994-ல் அவர் காலமானார். அதன்பின் நான்கு ஆண்டுகள் ஓடியது. 1998-ல் பிரேக் பிடிக்கவில்லை என்று கிடங்கில் விட்டோம். பிறகு சகோதரர்கள் நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். கடை, கிடங்கு, தோட்டம் எல்லாம் பத்திரத்தில் எழுதப்பட்டன. காரை எழுத எல்லோரும் மறந்துவிட்டோம். ஆகவே அது யாருடைய பங்கிலும் இல்லை. யாருடையதும் இல்லாத பொருளுக்கு யார் செலவு செய்வார்கள்? 22 ஆண்டுகள் அப்படியே நின்றது.

2020-ல் ஊரடங்கு வந்து கடையின் பாதி நேரம் குறைந்தபோது கிடங்கைச் சுத்தம் செய்தோம். அண்ணன் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எடைக்குப் போட்டா என்ன தேறும் தம்பி?” என்று கேட்டார். காயலான் கடைக்காரர் வந்து விலையும் சொல்லிவிட்டார். அந்த விலை இரண்டு மூட்டை பூண்டுக்குக்கூட ஆகாது. அதனால்தான் கார் பிழைத்தது என்று இப்போதும் சொல்லிக்கொள்வோம்.

வீட்டில் பிரிக்க ஏற்ற வண்டி

எல்லாப் பழைய காரையும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. அம்பாசிடர், ஃபியட் இரண்டிலும் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. தரை துருப்பிடித்தால் வண்டியே துருப்பிடித்த மாதிரி. ஹெரால்டில் தனிச் சேஸிஸ் உண்டு. அதன்மேல் பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. முன்பக்கம் முழுவதும், பானெட்டும் இரண்டு மட்காடும் சேர்த்து, முன்னோக்கித் தூக்கிவிடலாம். எஞ்சின் முழுவதும் கைக்கு எட்டும். சின்ன முன்சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

இப்படிச் செய்ததற்குக் காரணம் ஒரு வியாபாரக் கதை. நமக்கு நன்றாகப் புரியும். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு இங்கிலாந்தில் பாடி செய்து கொடுத்து வந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் அதைப் பி.எம்.சி. என்ற போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. நமது அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைச் செய்த அதே கூட்டுதான் இந்தப் பி.எம்.சி. சரக்கு கொடுக்கிறவரையே எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் நாம் என்ன செய்வோம்? நாலு இடத்தில் சில்லறையாக வாங்கிச் சேர்ப்போம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு இடத்தில் செய்து வாங்கி, தனிச் சேஸிஸில் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். 1959-ல் அப்படித்தான் ஹெரால்டு வெளிவந்தது. அந்த நெருக்கடியால்தான் 60 ஆண்டு கழித்து எங்களால் கேத்திக் கிடங்கில் ஸ்பானரை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க முடிந்தது.

உப்பு மூட்டை செய்த வேலை

பிரிக்கத் தொடங்கியதும் ஒன்று கவனித்தோம். காரின் வலது பக்கம் சாதாரணத் துருதான். இடது பக்கம் அடிச்சட்டம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஏன் இந்த வித்தியாசம் என்று முதலில் புரியவில்லை. பிறகு எங்கள் கடைப் பையன்தான் சொன்னான்: அந்தப் பக்கச் சுவரோரம்தான் நாம் ஆண்டு முழுவதும் கல் உப்பு அடுக்குகிறோம். உப்புத் தராசு ஒரே வருடத்தில் துருப்பிடிப்பதைப் பார்த்தவர்கள் நாம். காருக்கு மட்டும் யோசிக்கவில்லை. உரமூட்டையும் அப்படியே. உப்பும் உரமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்தில் கரைந்து இரும்பைத் தின்னும். எங்கள் பள்ளத்தாக்கில் பனியும் சாரலும் இல்லாத மாதம் எது? பழைய கார் வைத்திருக்கும் மளிகைக்காரர்கள் இன்றே போய் அதன் பக்கத்தில் என்ன மூட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய பருத்திப் போர்வை போதும். நான்கு சக்கரத்தையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கிக் கட்டை வைத்துவிட வேண்டும். எலி ஒயரைக் கடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; தானியக் கிடங்கில் எலி வைத்தியம் நமக்குத்தான் தெரியும்.

அடியில் படுத்து வேலை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் இவையும் கூடாது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் பட்டென்று உடையும். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

எங்கள் முதல் தவறு

கார் சீர் செய்கிறோம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. பழைய நிறத்தையே கொண்டுவர வேண்டும் என்றார்கள். நாங்களும் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று அதையே முதலில் செய்தோம். கார் பளபளவென்று ஆனது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன்கூட ஒரு நாள் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார். கடைக்கு முன்பக்கம் விளக்குப் போட்டு அலங்கரித்து, உள்ளே சரக்கு இல்லாமல் திறந்தது போலத்தான் அது.

அடுத்த மாதம் வெல்டர் வந்து சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளைத் தட்டிப் பார்த்தார். சுத்தியல் உள்ளே போனது. பாடியைத் தாங்கும் கைகள் அவை. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. அந்த வெப்பத்தில் புதுப் பெயிண்ட் கருகிச் சுருண்டது. மீண்டும் முதலிலிருந்து.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் அடிச்சட்டம். பிறகு சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக். அதன்பின் எஞ்சின், ஒயரிங். கடைசியில் பெயிண்ட், சீட்டு. துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். துருவின்மேல் ரெட் ஆக்ஸைடு பூசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஓட்டையைப் பட்டி போட்டு மறைப்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். பட்டி என்பது மேடு பள்ளம் நிரவ மட்டுமே. பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்காமல் வெல்டிங் தீ பற்றவைக்கவே கூடாது. காலி டாங்க்தான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

எண்ணெய் வைக்க வேண்டிய இடத்தில் கிரீஸ்

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரை எழுதத் தூண்டிய செய்தி.

ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு நிமிர்ந்த எஃகுத் தண்டில் நிற்கிறது. அந்தத் தண்டின் கீழ்முனையில் மறை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மறைக்குள் சிறிது ஏறி இறங்குகிறது. காரின் முன்பாரம் முழுவதும் அந்த மறையில்தான். அதற்குப் போட வேண்டியது கியர் பெட்டிக்குப் போடுகிற 90 நம்பர் கெட்டி எண்ணெய். கம்பெனி கொடுத்த கையேட்டிலேயே எண்ணெய் என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இருப்பது கிரீஸ் நிப்பிள் போலவே இருக்கும். பார்க்கிற மெக்கானிக் யாரானாலும் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார். கிரீஸ் மறையின் அடிவரை போகாது. நாளடைவில் காய்ந்து கட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். கீழே தண்ணீர் புகும். தண்டு உள்ளேயே துருப்பிடித்து இளைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஒடியும். சக்கரம் மடங்கி மட்காட்டுக்குள் போகும்.

எங்களுக்கு இது தெரியாது. அப்பா காலத்தில் வண்டி பார்த்தவர்களும் கிரீஸ்தான் போட்டார்கள்; நாங்கள் சீர் செய்தபோது வந்த மெக்கானிக்கும் அதையே செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் ஹெரால்டில் கை வைத்தே 30 ஆண்டு ஆகியிருந்தது.

எஞ்சின் ஓடத் தொடங்கி, பிரேக் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை எல்லநள்ளி வரை போய் வந்து கொண்டிருந்தோம். அடுத்த வாரம் குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கி அப்பா போன வழியிலேயே போய் வருவது என்று முடிவு. அண்ணனும் வருவதாகச் சொல்லியிருந்தார். பேத்தி முன்சீட்டில் உட்காருவேன் என்று பிடிவாதம். சனிக்கிழமை மாலை கிடங்கு வாசலில் வண்டியைத் திருப்பினோம். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அதற்குப் பேர் போன வண்டி. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கிற வேகத்தில் நகர்த்தினோம். டக் என்று ஒரு சத்தம். முன் இடது மூலை தரையில் உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் படுத்துக் கிடக்கிறது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பர்லியார்ப் பக்கம் கொண்டை ஊசி வளைவில் ஒரு புறம் பாறை, மறுபுறம் பள்ளம் என்று இருக்கும் இடத்தில் மறுநாள் இதே சக்கரம் மடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று இரவு யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அண்ணன் மட்டும் உடைந்த தண்டைக் கையில் வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உடைந்த இடத்தில் முக்கால் பாகம் பழைய துரு. கால் பாகம்தான் புதிதாக ஒடிந்த வெள்ளை இரும்பு. அந்தக் கால் பாகத்தின் பலத்தில்தான் நாங்கள் அதுவரை ஓட்டியிருக்கிறோம்.

புதுத் தண்டும் வெண்கலக் கட்டையும் உள்ளூரில் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் பழசு தேடினோம். பழசு என்றால் அதுவும் இதே நோய்தானே. பிறகுதான் தெரிந்தது, இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரும் ஹெரால்டின் முன்சக்கர அமைப்பிலிருந்தே பிறந்தது என்று. அதை வைத்திருப்பவர்கள் அங்கே நிறைய இருப்பதால் இந்தப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வலது, இடது இரண்டுக்கும் மறை எதிரெதிர்த் திசை. மாற்றி வாங்கிவிடக் கூடாது. தபாலில் வரவழைத்து, சுங்க வரி கட்டி எடுத்தோம்.

அம்பாசிடர், ஃபியட் வைத்திருப்பவர்கள் இது நமக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு வண்டியிலும் இப்படி ஒரு மறைவான இடம் உண்டு. அந்தந்த வண்டியின் பழைய கையேட்டைத் தேடிப் பிடித்து, எந்த நிப்பிளுக்கு எது என்று எழுதி, கிடங்குச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிறகு ஸ்பானரைத் தொடுங்கள்.

பின்பக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஹெரால்டில் பின்னால் குறுக்குவாட்டில் ஒரே கமான் பட்டைதான்; இரண்டு பின்சக்கரமும் அதில் தொங்குகின்றன. அப்பா ஏற்றிய மூட்டைகளால் அது தளர்ந்து சக்கரம் இரண்டும் கால் அகட்டினாற்போல் சாய்ந்திருந்தன. லாரிப் பட்டை செய்யும் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினோம். காரில் மூட்டை ஏற்றுவதை அன்றோடு நிறுத்தினோம்.

பிரேக்கும் மலையும்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 22 ஆண்டு நின்றதில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டன. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. அந்த ஈரம்தான் சிலிண்டரைத் தின்கிறது. இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அதே ஈரம் ஆவியாகி, மிதித்தால் பஞ்சு போல் உள்ளே போகும். எங்கள் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். சிலிண்டர்களுக்கு லேத் பட்டறையில் பித்தளை உறை போட்டு, ரப்பர் எல்லாம் புதிதாக மாற்றினோம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைக் கழற்றி வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய விதி இந்தக் கார்களுக்குத்தான் முழுக்கப் பொருந்தும். ஹெரால்டில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது போட்டால் கரகரக்கும். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதைக்கு இந்தக் காரைக் கொண்டுபோவதில்லை என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

எங்கள் ஊரில் பருப்பு வேக நேரமாகும் என்பது மலையில் சமைக்கும் எல்லோருக்கும் தெரியும். 7000 அடிக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் தண்ணீரும் அப்படித்தான். ஆகவே அதன் மூடி அழுத்தம் தாங்குகிற நல்ல மூடியாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் போன மூடியைப் போட்டுக்கொண்டு எஞ்சின் கொதிக்கிறது என்று புலம்பிப் பயனில்லை. கார்பரேட்டரும் இதே கணக்குத்தான். சமவெளியில் சரி செய்த கார்பரேட்டர் இங்கே வந்தால் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை விடும், பிளக் கறுக்கும். கோவையிலிருந்து பெரிய மெக்கானிக் வந்து வைத்த செட்டிங்கை எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஜெட்டைச் சிறியதாக மாற்றிச் சரி செய்தான்.

எஞ்சின் சிறியது, 948 சி.சி. 22 ஆண்டு நின்றதில் இறுகியிருந்தது. இந்நிலையில் வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது பெரிய தவறு, ரிங் ஒடியும். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டோம். பிறகு முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பானர் வைத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். எட்டாம் நாள் சுற்றியது. அதன்பின்தான் திறந்து பார்த்தோம். போர் தேய்ந்திருந்ததால் ஒரு சைஸ் கூட்டிப் பிஸ்டன் மாற்றினோம்.

இன்றைய பெட்ரோல் பழைய பெட்ரோல் அல்ல. 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் பழைய எஞ்சின் வால்வு சீட்டுகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. எஞ்சினைப் பிரிக்கும்போதே கடின இரும்புச் சீட்டு போட்டுவிட்டால் கவலை இல்லை. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊற வைத்துக் கரைக்கும். குழாய் கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டினால் தீ. இதைச் சேமிப்பு இடமாக நினைக்காதீர்கள். எத்தனால் தாங்கும் குழாயாகவே வாங்குங்கள். ஒரு தீயணைப்புக் கருவியும் காரிலேயே இருக்கட்டும்.

டயரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரிம் 13 அங்குலம். வேகன் ஆர் காருக்கு வந்த 145 அளவு டயர் பொருந்துகிறது. பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரைப் போடாதீர்கள்.

காகிதங்கள்

வண்டி ஓடினால் போதாது, ஆர்.சி. உயிரோடு இருக்க வேண்டும். 15 ஆண்டு ஆனால் எடைக்குப் போட வேண்டுமாமே என்று கடைக்கு வரும் பாதிப் பேர் கேட்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்குத்தான் பதிவு புதுப்பிப்பு நிறுத்தப்பட்டது. டில்லியைச் சுற்றித் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் தனியார் கார் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10000 ஆக்கப்பட்டது.

இன்னொரு வழியும் உண்டு. 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனத்துக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துள்ள தனி எண் தருவார்கள். முதல் பதிவுக்கு 20000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5000. ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்பவர்களுக்குச் சாதாரணப் பதிவுதான் ஏற்றது. நாங்கள் அதையே எடுத்தோம்.

ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் 31-ம் நம்பர் படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் 20 ஆண்டுக்கு மேல் தாமதம். அபராதம் கட்டி, வாரிசுச் சான்று வைத்து மாற்றினோம். அதற்கு மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போடுவாரா என்று எங்களுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. தண்டு உடைந்த அடுத்த வாரம் கேட்டோம். பேசாமல் போட்டுக் கொடுத்தார். “எண்ணெய் மட்டும் நான்தான் போடுவேன்” என்றார்.

மாருதி எஞ்சினோ டீசல் எஞ்சினோ வைத்துவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவில் கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏறாத வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

செலவு எவ்வளவு ஆயிற்று என்பதைத் தொகையாகச் சொன்னால் எங்கள் வீட்டில் சண்டை வரும். பேரேட்டில் உள்ளபடி பங்காகச் சொல்கிறோம். மொத்தம் 100 ரூபாய் என்று வைத்தால் வெல்டிங், டிங்கரிங் 25, பெயிண்ட் 30, சஸ்பென்ஷன், பிரேக், டயர் 20, எஞ்சின் 15, ஒயரிங், சீட்டு 10. பெயிண்டில் பாதி முதலில் பூசிக் கருக்கியது. வட்டிக் கணக்குப் பார்த்தால் இந்தக் காரை விற்றும் போட்ட பணம் வராது. லாபத்துக்காக இறங்குவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறோம், வேண்டாம். இறங்குவதற்கு முன் கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய வண்டி எப்படி முடிந்திருக்க வேண்டும் என்று கண்ணில் பதிந்தால், பட்டறையில் ஏமாற மாட்டீர்கள்.

மேட்டுப்பாளையம் போய் வந்துவிட்டோம். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எண்ணெய் கேனோடு வருகிறார். இரண்டு முன்சக்கரத்துக்கும் 90 நம்பர் எண்ணெய் செலுத்தி, பழைய எண்ணெய் வெளியே கசியும்வரை நின்று பார்த்து, தேதியைப் பேரேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். கியர் பெட்டியின் பின் சீல் இன்னும் ஒழுகுகிறது. ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது பெட்டியை இறக்கிப் பார்ப்பதாக இருக்கிறோம்.